நாற்பத்திரண்டு பிள்ளைகளின் தாய்மாமன்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவருடைய பழைய ரேஷன் கார்டில் அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஜுரத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் மாமா. பிள்ளைகளின் அம்மாக்களுக்கு, வயதைப் பொறுத்து, அண்ணனோ தம்பியோ. ஆண்களும் பிள்ளைகளைப் பின்பற்றி, "மாமாவ எங்கப்பா காணோம்?" என்றுதான் கேட்பார்கள். யாரும் புழங்காத பெயரை நான் இங்கே எழுதினால் இது வேறு யாரையோ பற்றியதாகிவிடும்.

ஜுரத்துக்கு முன் அவர் ஒரு சாமியானா கடையில் வேலை பார்த்தார். பந்தல் போடுவது, நாற்காலி இறக்குவது, அண்டா குண்டான்களை வண்டியில் ஏற்றுவது. ஆயிரக்கணக்கான நாற்காலிகளை வரிசையாகப் போட்ட அந்த மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தரையில் குந்திக்கொண்டுதான் பேசுவார். கேட்டால், "அது கெஸ்ட்டுக்கும்மா" என்பார். கெஸ்ட் என்று யாருமே வராத காலத்திலும் அதே பதில்தான். மணிக்கட்டில் எப்போதும் ஒரு முழம் சணல் கயிறு சுற்றியிருக்கும். யோசிக்கும்போது அதை அவிழ்த்து விரலில் சுற்றுவார். பொய் சொல்லும்போது சுற்றமாட்டார்.

நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ரத்தம் எடுக்கும் வேலையில் ஆறு மாதம் இருந்தவள். ஊசி பிடிக்கத் தெரியும், எதையும் நோட்டில் வரிசைப்படுத்தி எழுதத் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

ஜுரம் இருபத்தைந்தைத் தாண்டியவர்களைத் தேடித் தேடி எடுத்தது. மூன்று மாதத்தில் ஊரில் எஞ்சியவர்கள் காலேஜ் வயதினரும் பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும்தான். என் அம்மா, அப்பா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் நான்கு பேரும் போய், அக்காவின் ஒரு வயது மகள் நிலா மட்டும் என்னிடம் வந்தாள். கரண்ட் நின்றது, போன் நின்றது, பஸ்கள் பஸ் ஸ்டாண்டிலேயே டயர் இறங்கி உட்கார்ந்தன. நல்ல கிணறும் பெரிய சமையல்கட்டும் இருந்ததால் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். முதல் வாரம் நான் நோட்டில் இரண்டு பட்டியல் எழுதினேன். இருப்பவை: பட்டுப் புடவை, பாவு நூல், ஜரிகை, வெள்ளிக் குத்துவிளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி. இல்லாதவை: உப்பு, சோப்பு, மாத்திரை, பெரியவர்கள்.

பட்டு எவ்வளவு கிடந்தது என்றால், தூளி கட்டினாலும் பட்டு, தண்ணீர் வடிகட்டினாலும் பட்டு. இரண்டு பேர் சேர்ந்து மாதக் கணக்கில் நெய்த கோர்வைப் புடவையில் கீரை காயும்.

அவர் மாமா ஆனது அந்த மண்டபத்தில்தான். செல்வி என்று ஒரு பெண், பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், பத்தொன்பது வயது. கணவன் ஜுரத்தில் போய்விட்டான். மடியில் ஒரு வயதுப் பையன். அவனுக்குக் காது குத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் அம்மா சாவதற்கு முன்பே வாங்கிவைத்த கடுக்கன் அவளிடம் இருந்தது. ஊசி பிடிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் வந்தாள். குத்திவிடலாம், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே? செல்விக்கு இருந்த இரண்டு அண்ணன்களும் போய்விட்டார்கள். மண்டபத்தில் எழுபது பேர் இருந்தோம். ஏதோ பழைய காலத்துச் சடங்கை இழுக்கிறாள் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஓரத்தில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"நான்தான்" என்றார்.

"நீங்கதான்னா?" என்றாள் செல்வி.

"நான்தாம்மா மாமன். பலகை எங்க? பையன கெழக்க பாத்து ஒக்கார வைக்கணும். உங்க ஜனத்துல மொதல்ல வலது காது. தேங்கா இல்லன்னா பரவால்ல, வெல்லம் இருந்தா போதும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் வீட்டில் எந்தப் பக்கம் உட்காருவார்கள், யார் வீட்டில் மொட்டை முதலில், யார் வீட்டில் கேக் வெட்டுவார்கள் என்று எல்லாம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்த அறிவு. அவர் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், காலனியில். அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், அப்பா வயல் கூலி. முன்பென்றால் செல்வி வீட்டு விசேஷத்தில் அவர் எதுவரை வந்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். பையனை மடியில் இருத்திக்கொண்டு அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்: "நூறு காதுகுத்துல வெளிய நின்னு பாத்துட்டேன். உள்ள ஒக்காந்தது இதான் ஃபர்ஸ்ட்டு. கால் மரத்துப்போவுது."

நான் ஸ்கேல் வைத்து இரண்டு மடலிலும் மையால் புள்ளி வைத்தேன். ஊசியைக் கொதிக்கவைத்திருந்தேன். குத்தும் நேரத்தில் அவர் சட்டென்று பையனின் முகவாயைத் தூக்கி, "ஐயோ, அங்க பாரு! கோபுரத்து மேல ஆடு நிக்குது!" என்றார். பையன் அண்ணாந்து பார்த்தான். வலது காது முடிந்தது. "குட்டியும் இருக்குது பாரு!" இடது காதும் முடிந்தது.

அதன்பின் எல்லோரும் வந்தார்கள். பக்கத்து ஊரான முசரவாக்கத்திலிருந்தும் வந்தார்கள். காதுகுத்து என்பது சாக்குதான். நாளைக்கு நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் என்பதுதான் ஒவ்வொருத்தியின் மனதிலும் இருந்த கேள்வி. மண்டபத்தில் உட்கார்ந்து பேசி ஒரு விதி வைத்தோம்: மடியில் வைத்தவர் மாமன், அம்மா போனால் பிள்ளை மாமனோடு. யார் வந்து கேட்டாலும் அவர் சொன்னது ஒரே வார்த்தை, நான்தான். அளவில்லாமல் ஒத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் நோட்டில் பிள்ளையின் பெயர், வயது, குத்திய தேதி, புண் ஆறிய தேதி, மாமன் என்று ஐந்து பத்தி. ஐந்தாவது பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஆள்.

"இத்தனை பேருக்கு ஒத்துக்கிட்டீங்களே, நாளைக்கு நாலு அம்மா ஒரே நாள்ல போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பாய் விரிப்பேன்" என்றார்.

அது வாய்ப்பேச்சு இல்லை என்று ஒரு மத்தியானம் தெரிந்தது. முசரவாக்கத்தில் ஒருத்தியைக் கழனியில் பாம்பு கடித்துவிட்டது என்று சேதி வந்தபோது அவர் கூரை மேல் தகரம் கட்டிக்கொண்டிருந்தார். போட்ட முடிச்சைப் பாதியில் விட்டு இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பும்போது முன்னால் பாரில் ஏழு வயது தேன்மொழி, பின்னால் கேரியரில் தலையணையைக் கட்டிக்கொண்டு அவள் தம்பி. ஜுரத்துக்குப் பிறகு சாமியானா கிடங்குதான் அவர் வீடு. சுருட்டி வைத்த ஜமக்காளங்கள்தான் கட்டில். சமைக்கலாம் என்று பார்த்தால் கடையில் சின்னப் பாத்திரமே கிடையாது. மூன்று பேருக்கான சோற்றை அவர் ஐந்நூறு பேருக்கான அண்டாவில் வடித்தார். தேன்மொழி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, சோறு உள்ள வுழுந்துடிச்சி" என்றாளாம். அதை அவர் ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சீர் கொண்டுவராமல் அவர் ஒரு காதுகுத்துக்கும் வந்ததில்லை. பட்டுக்கு மதிப்பில்லாத ஊரில் அவர் தட்டில் என்ன இருக்கும் என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அரை சோப்பு, ஒரு பிடி உப்பு, ஒருமுறை யாருமில்லாத வீட்டுப் பரணிலிருந்து எடுத்த ஜான்சன் பவுடர் டப்பா. அந்த டப்பாவைப் பார்த்து நான்கு பெண்கள் அழுதார்கள்.

ஒவ்வொரு முறையும் நான் ஊசியோடு ஒரு பக்கம், அவர் எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு பிள்ளையின் தலை. அவ்வளவுதான் தூரம். பதினேழாவது பிள்ளை ரொம்பத் திமிறினான். முடிந்து ஊசியைத் துடைக்கும்போதுதான் அவர் கட்டைவிரலில் ரத்தம் வழிவதைப் பார்த்தேன். ஊசி அவர் விரலுக்குள் இறங்கி ஏறியிருக்கிறது.

"குத்துனா சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா நீ கைய எடுத்துடுவ. இன்னொரு காது பாக்கி இருக்குதே."

விரலைக் கழுவிக் கட்டுப் போட்டேன். தேவைக்கு மேல் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

நிலாவுக்கு மூன்று வயது முடிந்தது. காது குத்தவில்லை. நான் பேச்செடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. காரணம் மண்டபத்தில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. அவர் நிலாவுக்கு மாமன் ஆகிவிட்டால் எனக்கு அண்ணன் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு வேறு எதுவும் ஆக முடியாது.

செல்விதான் சும்மா விடமாட்டாள். "ஊருல இருக்கற புள்ளைக்கெல்லாம் காது குத்துற. உன் வூட்டுப் புள்ள மட்டும் மூளிக் காதோட சுத்திக்கினு இருக்குது. ஏம்மா, ஊசி தீந்துபோச்சா?"

"புண்ணு ஆற லேட்டாகும். வெயில் போகட்டும்."

"போன வருஷமும் இதே வெயிலுதான் அடிச்சிது" என்பாள்.

ஆடி மாதம் ஒருநாள் நான் கிணற்றடியில் ஊசிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பத்தடி தள்ளிக் குந்தினார். கயிறு விரலில் சுற்றத் தொடங்கியது.

"நிலாவுக்கு ஒரு மாமன் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

"ஏன், நீங்க இருக்கீங்களே" என்றேன், வேண்டுமென்றே.

"நான் இல்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"திருப்புட்குழியில ஒருத்தரு இருக்காரு. நல்ல மாதிரி. மாடு வச்சிருக்காரு. பாப்பாவுக்குப் பால் கெடைக்கும். உனக்கு அண்ணன் மொறைல அவரு வந்தா…" முடிக்காமல் கயிற்றைப் பார்த்தார்.

"சரி, பாருங்க" என்றேன்.

எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அன்று அந்த ஊசிகளை நான் இரண்டு முறை கழுவினேன்.

ஐப்பசி மழையோடு ஜுரம் திரும்ப வந்தது. இம்முறை வயது பார்க்கவில்லை. திருப்புட்குழிக்காரர் முதல் வாரத்திலேயே போனார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான் மூன்றாவது வாரம் படுத்தேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் தனியாக வைத்தார்கள். எத்தனையாவது நாளில் மூச்சு எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்கு எழுதிவைத்தவள் நான்தான். ஐந்தாவது நாள் காலை என் மூச்சை நானே எண்ணினேன். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்த ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவரைக் கூப்பிடச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மழையில் நிலாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் குடையோடு செல்வி.

"நிலாவுக்கு நீங்கதான் மாமன்" என்றேன்.

"வேற ஆளு பாக்கறேன்னு சொன்னனே."

"இன்னிக்குள்ள பாப்பீங்களா?"

கேட்டவுடன் சொல்லிவிடுகிற மனிதர். நாற்பத்தொரு பேருக்கும் அப்படித்தான் சொன்னார். எனக்கு மட்டும், நிலாவின் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்து முடிக்கும்வரை நேரம் எடுத்துக்கொண்டார்.

"யாரோ வளப்பாங்கன்னு என்னால போக முடியாது" என்றேன். "நீங்க சொல்லுங்க."

"நான்தான்" என்றார். நிலாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

நான் பிழைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. நோட்டில் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் செல்வி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தா, நல்லாக் கேட்டுக்க. ஜுரத்துல ஒளர்னதெல்லாம் எடுபடாது. மடியில ஒக்கார வச்சாத்தானே மாமன்? இன்னும் காதே குத்தல. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன், எனக்கு ஒண்ணுமே காதுல வுழல. போதுமா?"

மண்டபம் முழுக்க அதே பேச்சுதான். எல்லோருமே எங்களுக்காக அந்த ஒரு வார்த்தையை மறந்துவிடத் தயாராக இருந்தார்கள். அவர் வந்து குந்தினார். இளைத்திருந்தார்.

"நீ சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார்.

யோசிக்க இரண்டு நாள் கேட்டேன். முதல் நாள் முழுவதும் சொல்லப்போகும் பதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒரு பச்சைப் புடவையைக்கூடத் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டாம் நாள் நிலாவின் துணிகளை எடுக்கச் சாமியானா கிடங்குக்குப் போனேன். அவர் இல்லை. தேன்மொழி அண்டாவுக்குள் இறங்கி நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அத்தை, நிலாவக் கூட்டிக்கினு போயிடுவியா?"

"ஆமாடா. நான்தான் வந்துட்டேனே."

"அப்போ மாமா அவளுக்கு மாமா இல்லியா?"

நான் நிலாவின் துணிகளை மடிக்கத் தொடங்கினேன். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"மாமான்னு சொல்லிட்டு, அப்புறம் வேணாம்னா இல்லன்னு சொல்லலாமா? எங்களுக்கும் சொல்லலாமா?"

அவளுக்கு அப்போது எட்டு வயது. அழவில்லை, சண்டை போடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் தம்பி கதவோரம் நின்று அதே பதிலுக்காகக் காத்திருந்தான். என் நோட்டின் ஐந்தாவது பத்தி முழுவதும் ஒரே ஒரு வார்த்தையின் மேல் நின்றிருந்தது. ஒரு பிள்ளைக்கு அதை எடுத்தால் மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் அது எடுக்கக்கூடிய வார்த்தையாகிவிடும்.

"சொல்ல முடியாது" என்றேன். "யாருக்கும் சொல்ல முடியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை நிலாவுக்குக் காது குத்தினோம். அவர் தட்டில் ஒரு முழு சோப்பு இருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லவில்லை. பலகையில் உட்கார்ந்து நிலாவை மடியில் வைத்துக்கொண்டார். நான் புள்ளி வைத்தேன். அவர் அவளுடைய முகவாயைத் தூக்கி, "அங்க பாரு, கோபுரத்து மேல…" என்று ஆரம்பித்தார்.

"ஆடு இல்ல" என்றாள் நிலா. எத்தனையோ காதுகுத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். "பொய்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணா," என்றேன், "தலைய நல்லா புடிச்சுக்கங்க."

ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு நிலாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "வலிக்கும் பாப்பா" என்றார். "கொஞ்ச நேரந்தான் வலிக்கும்." அவள் தலையாட்டினாள். இரண்டு காதும் நேராக அமைந்தன. முடிந்ததும் முறைப்படி அவருக்கு இலை போட்டு நான் பரிமாறினேன். ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு குறைவு என்று செல்வியிடம் மட்டும் சொன்னாராம்.

இதில் அவர் செய்த தவறு என்ன என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் மாமன் ஆகி, கட்டிக்கொள்ள ஊரில் ஒரு பெண் மிச்சமில்லாமல் பண்ணிக்கொண்டார். அதனால் தென்னேரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே ஏரியில் மீன் பிடிக்கும் ஒரு பெண். யாருமற்றவள், நல்ல உயரம், பெரிய குரல். இவர் போன முதல் நாளே வழக்கம்போல, "அண்ணன் மாதிரி நெனச்சிக்கம்மா" என்று தொடங்கினாராம். "அண்ணன்லாம் எனக்கு வேணாம். வலை இழுக்க ஆள் வேணும், வர்றியா?" என்றாளாம். போய் வலை இழுத்தார். அடுத்த மாசியில் கல்யாணம் என்று வந்து சொன்னார். சொல்லும்போது கயிறு விரலில் சுற்றியிருந்தது.

ஏரிக்கரையில் பந்தலை அவரே போட்டார். நாங்கள் எல்லோரும் போனோம். அன்றுதான் அவரை நாற்காலியில் உட்காரவைக்க முடிந்தது, அதுவும் நான்கு பேர் சேர்ந்து அழுத்தி. தாலியை எடுத்து அவர் முதல் முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. செல்வி முன்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் முப்பது பேர்.

கல்யாணப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "யம்மா, இத்தினி நாத்தனாரா? சொல்லவே இல்லியே" என்றாள். பந்தலே சிரித்தது.

"ஒருத்தி போட்டா போதும்" என்றார் அவர். என் பக்கம் திரும்பவில்லை. "கை நடுங்காத ஆளா பாத்துப் போடச் சொல்லுங்க."

செல்வி விலகி எனக்கு வழி விட்டாள். நிலாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது. பெண்ணின் பின்கழுத்து முடியை ஒதுக்கி இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன்.

"இறுக்கமா இருக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

"இருக்குது" என்றேன். "அவுறாது."